கடல் பாதுகாப்பும் மீன்பிடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்வளத்தைக் காப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மூன்று தரப்பினர் தத்தம் ஐயங்களோடு வருகிறார்கள்: பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர்கள், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள், மீன் பிடிப்பதே கூடாது என்று எண்ணத் தொடங்கியிருப்பவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கூடியவரை அவர்களுடைய சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து மீன் எடுக்கலாம். ஆனால் எடுக்கும்போது சாகிற ஒவ்வொரு மீனும், அது யார் கையால் செத்தாலும், கணக்கில் வர வேண்டும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கைப் பற்றியவைதான்.

1. கடல் இவ்வளவு பெரியது. மனிதன் பிடித்து அதில் மீன் தீர்ந்துவிடுமா என்ன?

தீரும். கடலின் பரப்பு பெரியதுதான், ஆனால் மீன் அதில் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஆழம் குறைந்த கண்டத்திட்டுகளிலும், அடிநீர் மேலெழுந்து ஊட்டச்சத்தைக் கொண்டுவரும் இடங்களிலும்தான் மீன்பாட்டின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. படகுகளும் அங்கேதான் குவிகின்றன.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இருந்த காட் மீன் வளம் ஏறக்குறைய 500 ஆண்டுகள் பிடித்தும் தாக்குப்பிடித்தது. உறைபதன வசதி கொண்ட பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தபின், 1968ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 8 லட்சம் டன் அள்ளப்பட்டது. 1992 ஜூலை 2 அன்று அரசு தடை விதித்தபோது 30,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். இடையில் கரையோரச் சிறு பிடிப்புக்கு மட்டும் இடம் தரப்பட்டது. வணிகப் பிடிப்பு முறைப்படி திறக்கப்பட்டது 2024இல்தான், அதுவும் 18,000 டன் ஒதுக்கீட்டோடு.

அழிவு நெருங்குவது ஏன் உரியவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் இதில் முக்கியமான பாடம். காட் கூட்டமாக வாழும் மீன். எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சியவை இன்னும் நெருங்கிக் கூடின. ஒலிக்கருவியின் துணையோடு அந்தக் கூட்டத்தையே தேடிப்போன கப்பலுக்கு வலை எப்போதும்போல நிறைந்துதான் வந்தது. மீன் சிறுத்து வருகிறது, கரைப்பக்கம் வருவதில்லை என்று சிறு படகினர் 1980களிலேயே முறையிட்டார்கள். கப்பல்களின் பிடிப்புக் கணக்கை நம்பியவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. உலக அளவில், 1974இல் மதிப்பிடப்பட்ட மீன் இருப்புகளில் (ஒரு கடற்பகுதியில் வாழும் ஓர் இனத்தின் மொத்த மீன்களையே இருப்பு என்கிறேன்) சுமார் 10 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவையாக இருந்தன. இன்று அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டதாக ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு கூறுகிறது.

2. அப்படியானால் மீன் பிடிப்பதையே நிறுத்திவிட்டால் என்ன?

நிறுத்தினால் முதலில் பாதிக்கப்படுவது பெரிய கப்பல்கள் அல்ல. உலகின் மீன்பிடிப்பில் ஏறக்குறைய 40 சதவீதமும், மீன்பிடித் தொழிலில் இருப்போரில் பத்தில் ஒன்பது பேரும் சிறுதொழில் மீன்பிடிப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அதுதான் வருமானம், பல குடும்பங்களுக்கு அதுவே புரதம்.

நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. பிடிப்பே இல்லாத கடலில் ஒரு மீனினம் தன் உச்ச எண்ணிக்கையில் இருக்கும்போது இரைக்கும் இடத்துக்கும் போட்டி கடுமையாக இருக்கும். பிறக்கும் குஞ்சுகளில் மிகச் சிலவே பிழைக்கும். அந்த இருப்பில் ஒரு பகுதியை எடுத்தால் எஞ்சியவை விரைவாக வளர்ந்து இடைவெளியை நிரப்புகின்றன. இருப்பு அதன் இயல்பான அளவில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும்போது இந்த உபரி மிக அதிகமாக இருக்கும் என்பது எளிய கணிப்பு முறைகள் தரும் விடை. இந்த உச்ச உபரியை நிர்வாகிகள் எட்ட வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்வதுதான் தவறு. அது தாண்டக் கூடாத வரம்பு. மதிப்பீட்டில் சிறு பிழை நேர்ந்தாலும் இருப்பு சரியத் தொடங்கிவிடும் என்பதால் அதற்குக் கணிசமாகக் கீழேயே நின்றுகொள்வது நல்லது.

3. இருப்பு குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கடலுக்குள் போய் எண்ணிப் பார்த்தார்களா?

ஒரு வகையில் எண்ணித்தான் பார்க்கிறார்கள். ஆய்வுக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே வகை வலையை, முன்கூட்டியே வகுத்த இடங்களில் இழுக்கின்றன. மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதில்லை என்பதால், முதல் பதிலில் சொன்ன காட் கப்பல்களின் ஏமாற்றம் இதில் நேராது. நெத்திலி போன்ற கூட்ட மீன்களை ஒலியலைக் கருவியால் அளக்கிறார்கள். இறங்குதளத்தில் மீனின் நீளத்தையும் எடையையும் சினைப்பருவத்தையும் குறித்துக்கொள்கிறார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சான்று மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல். பெரும்பாலான மீன்களில் அது விரல்நகத்தைவிடச் சிறிய, வெண்மையான ஒரு சுண்ணாம்புத் துண்டு. அதைக் குறுக்கே மெல்லியதாக அறுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், வெளிச்சமும் இருளுமாக மாறி மாறி வளையங்கள் தெரியும். பல இனங்களில் ஒரு இணை வளையம் ஓர் ஆண்டு. சில நூறு கற்களைப் படித்து முடிக்கும்போது அந்தக் கடலில் எந்த வயது மீன் எவ்வளவு இருக்கிறது என்பது துலங்கிவிடும். இருபது ஆண்டு வாழக்கூடிய ஓர் இனத்தில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவை அரிதாகிவிட்டால், அந்த இருப்பின் மீது பிடிப்பழுத்தம் கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

இப்படிப்பட்ட அளவீட்டை நம்பி முடிவெடுத்தவர்களும் உண்டு. 2023இல் பெரு நாடு, குஞ்சு மீன் அளவுக்கு அதிகமாகக் காணப்பட்டதால், உலகின் மிகப் பெரிய ஒற்றை இன மீன்பிடிப்பான தன் நெத்திலிப் பிடிப்பின் முதல் பருவத்தையே கைவிட்டது.

4. தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் பொழுதுபோக்குக்காரரால் என்ன பெரிய கேடு வந்துவிடப் போகிறது?

ஒருவரால் எதுவும் வராது. ஆனால் வணிகப் படகுகளின் எண்ணிக்கையை உரிமத்தால் கட்டுப்படுத்தும் நாடுகளில்கூடத் தூண்டில்காரர்களின் எண்ணிக்கைக்குப் பெரும்பாலும் வரம்பு இருப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒருவர் இத்தனை மீன் எடுக்கலாம் என்ற விதி, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. 2002ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவில் கரைக்கு வந்த மொத்தக் கடல்மீனில் பொழுதுபோக்குப் பிடிப்பின் பங்கு வெறும் 4 சதவீதம். அதே ஆய்வு, இருப்பு கவலைக்கிடமான இனங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்தப் பங்கு 23 சதவீதமாகவும், மெக்சிகோ வளைகுடாவில் 64 சதவீதமாகவும் இருந்தது. தூண்டில்காரர் விரும்பித் தேடுவது பெரிய, மெதுவாக வளரும், ஏற்கெனவே குறைந்துவிட்ட இனங்களையே என்பதுதான் காரணம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் ஸ்டிரைப்டு பாஸ் என்ற வரிமீன் 1980களில் மிகவும் நலிந்தது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை முழுத்தடை விதித்தது. 1995இல் இருப்பு மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2019இல் வெளியான மதிப்பீடு அது மறுபடியும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. இம்முறை இறந்த மீன்களில் மிகப் பெரும்பங்கு பொழுதுபோக்குப் பிடிப்பினுடையது.

5. நான் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறேன். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

விட்டுவிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. பல இனங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், விட்டபின் இறப்பவை சராசரியாக 18 சதவீதம். இனத்தையும் ஆழத்தையும் வெப்பத்தையும் பொறுத்து இது ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவிலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் வரை போகிறது. மேலே சொன்ன வரிமீனுக்கு நிர்வாகிகள் கணக்கிடும் விகிதம் 9 சதவீதம் மட்டுமே. அது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பிடித்து விடப்படும் மீனுக்கு அதைப் பொருத்தினால் சாவு பல லட்சத்தைத் தொடுகிறது.

ஆழத்திலிருந்து வரும் மீனின் நிலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. அங்கிருந்து விரைவாக இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை நான்கு மடங்கு விரிய முயல்கிறது. உள்ளே இடமில்லாமல் இரைப்பை வாய்வழியே இளஞ்சிவப்பாக வெளியே தள்ளப்படும், கண்கள் பிதுங்கும், வயிறு கல்லைப்போல் இறுகும். அப்படியே கடலில் விட்டால் அது கீழே போக முடியாமல் மல்லாந்து மிதக்கும். பறவையோ சுறாவோ மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதற்கு எளிய தீர்வு உண்டு. எடை கட்டிய ஒரு கவ்வியை மீனின் தாடையில் மாட்டி, வந்த ஆழத்துக்கே இறக்கினால், அழுத்தம் கூடிக் காற்றுப்பை பழைய அளவுக்குச் சுருங்கும். குறித்த ஆழத்தில் கவ்வி தானே திறந்துகொள்ளும். மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பொறுப்பில் உள்ள நீர்ப்பகுதியில் பாறைமீன் பிடிக்கும் படகுகள் இத்தகைய கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ பயன்படுத்தத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது.

மற்றவை கைப்பழக்கம். இயற்கை இரை போடும்போது வட்டத் தூண்டில்முள்ளைப் பயன்படுத்தினால் அது பெரும்பாலும் தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். மீனை இழுத்துக் களைப்படையச் செய்யாமல் விரைவில் கரைசேர்க்க வேண்டும். நனைந்த கையால் தொட வேண்டும். முடிந்தால் நீரிலிருந்து எடுக்காமலே முள்ளைக் கழற்ற வேண்டும். எடுக்க அனுமதியில்லாத சிறு மீன்களே ஆழத்திலிருந்து தொடர்ந்து மாட்டினால் இடத்தை மாற்றிக்கொள்வது, எந்தச் சட்டமும் சொல்லாவிட்டாலும், செய்ய வேண்டிய காரியம்.

6. சின்ன மீனை விட்டுப் பெரியதை எடுப்பதுதானே முறை? இப்போது பெரியதையும் விடச் சொல்கிறார்களே?

ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகு பிடிபடட்டும் என்பதற்காக வந்தது சிறு மீன் விதி. அது இன்றும் சரியே. ஆனால் பெரிய தாய்மீனின் மதிப்பு அதன் எடையைவிடக் கூடுதல் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. 30 கிலோ எடையுள்ள ஒரு காட் தாய்மீன் இடும் முட்டைகள், தலா 2 கிலோ எடையுள்ள 28 தாய்மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ என்பதைக் கவனித்தால், பெரியதை எடுப்பதன் விலை புரியும்.

களவாய் இன மீன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பல பெண்ணாக வாழ்வைத் தொடங்கி, வளர்ந்தபின் ஆணாக மாறுபவை. பெரியவற்றையே குறிவைத்து எடுத்தால் ஆண்மீன்களே அருகிவிடும். இதனால்தான் பல இடங்களில் குறைந்தபட்ச நீளத்தோடு அதிகபட்ச நீளத்தையும் விதிக்கிறார்கள். வரிமீனுக்கு 2023இல் 28 அங்குலம் முதல் 31 அங்குலம் வரையிலான மீனை மட்டுமே எடுக்கலாம் என்று அவசர விதி வந்தது. இந்த இடைவெளி முறை, ஐந்தாம் பதிலில் சொன்னபடி மீனைப் பிழைக்கும் விதமாக விடத் தெரிந்தவர்களிடம்தான் பயன் தரும்.

7. வணிக மீன்பிடிப்பில் உண்மையான சிக்கல் எது? பிடிக்கும் அளவா, பிடிக்கும் வலையா?

இரண்டுமே, ஆனால் வலையை மாற்றுவது விரைவில் பலன் தரும். இறால் இழுவை வலையின் கண்ணி சிறியது. இறாலோடு குஞ்சு மீனும் ஆமையும் சேர்ந்தே வரும். மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் குஞ்சுகள் இறால் வலைகளில் பெருமளவில் மடிந்தது, அந்த மீன் பெரிதான பிறகு யாருக்கு எவ்வளவு என்ற சண்டையில் (அதைப் பதினோராம் பதிலில் பார்ப்போம்) பல காலம் மறந்துபோன விஷயம். ஆமைக்கு விடை கிடைத்தது. வலையின் நடுவே சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டத்தின் இடைவெளிகளில் இறால் புகுந்து பின்னே போய்விடும். ஆமை சட்டத்தில் மோதி மேலேயோ கீழேயோ உள்ள மடிப்புவாயில் வழியாக வெளியேறிவிடும். சரியாகப் பொருத்திய சட்டம் 97 சதவீத ஆமைகளை வெளியேற்றுகிறது. அமெரிக்கா 1987இல் இதைக் கட்டாயமாக்கி, பின்னர் இறால் இறக்குமதிக்கும் நிபந்தனையாக்கியது.

ஒரே நீண்ட கயிற்றில் ஏராளமான முட்களைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலில் இரையைக் கவ்வும் ஆல்பட்ராஸ் பறவைகள் முள்ளில் மாட்டி மூழ்கிவிடும். தூண்டிலை இரவில் இறக்குவது, கயிற்றுக்கு எடை கூட்டி விரைவில் மூழ்கவைப்பது, கப்பலின் பின்னால் படபடக்கும் நாடாக்களைக் கட்டுவது ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கி, இனப்பெருக்கக் காலத்தில் பிடிப்பையும் நிறுத்தியபின், தென் பெருங்கடலின் தெற்கு ஜார்ஜியாத் தீவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் நிகழ்ந்த பறவைச் சாவு ஏறக்குறைய இல்லாமலே போனது. திருத்தவே முடியாத கருவிகளும் உண்டு. 2.5 கிலோமீட்டரைவிட நீளமான மிதவைச் செவுள் வலைகளை நடுக்கடலில் பயன்படுத்துவதை ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானம் 1992 இறுதியோடு நிறுத்தச் சொன்னது, அது சரியான முடிவு.

8. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று கடலை மூடினால் மீனவருக்கு நட்டம்தானே?

முதல் சில ஆண்டுகள் நட்டம்தான், அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. அந்த நட்டம் எல்லார் மீதும் சமமாக விழுவதும் இல்லை. மூடிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும், தொலைவு போக முடியாத சிறு படகுகளின் மீதே விழுகிறது. அவர்களுக்கு இடைக்கால உதவி தராமல் பகுதியை மூடுவது, அவர்களையே திருட்டுத்தனமாக உள்ளே வரச் செய்யும்.

அதன்பின் கிடைப்பது பெரிது. மெக்சிகோவின் காபோ புல்மோவில் கிராமத்து மக்களே முன்நின்று 1995இல் தேசியப் பூங்காவை உருவாக்கினார்கள். சட்டம் ஒரு பகுதியை மட்டுமே மூடியது, மக்கள் தாமாகவே முழுப் பூங்காவிலும் மீன் பிடிப்பதைக் கைவிட்டார்கள். 1999க்கும் 2009க்கும் இடையே அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. நியூசிலாந்தின் லீ கடல் காப்பகத்தில், 1975இல் நிறுவப்பட்டபின், பெரிய மீன்களும் கல் இறால்களும் திரும்பிவந்து கடல்முள்ளெலிகளைத் தின்றன. முள்ளெலிகள் மொட்டையடித்திருந்த பாறைகளில் கடற்பாசிக்காடு மறுபடி வளர்ந்தது.

அலைந்து திரியும் சூரைக்கு மூடிய பகுதியால் பயனில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஹவாய்க்கு வடமேற்கே 2016இல் சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட பாப்பஹானாமோகுவாகேயா காப்பகத்தின் எல்லைக்கு அருகில், மஞ்சள்துடுப்புச் சூரை கிடைக்கும் விகிதம் 54 சதவீதம் உயர்ந்ததாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் காப்பகம் மட்டும் போதாது. உள்ளே பிடித்த படகுகள் வெளியே போய் அதே அளவு பிடித்தால் அழுத்தம் இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. காவல் இல்லாத காப்பகம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

9. நிரந்தரமாக மூடாமல், முட்டையிடும் காலத்தில் மட்டும் நிறுத்தினால் போதாதா?

கூடிவந்து முட்டையிடும் இனங்களுக்கு இது மிகப் பெரிய உதவி. நசாவ் களவாய் குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் ஒரே பாறைமுனையில் ஆயிரக்கணக்கில் கூடும். இடம் தெரிந்த சில படகுகள் ஒரு தலைமுறையையே ஒரு வாரத்தில் வாரிவிடலாம். கேமன் தீவுகள் 2003 முதல் அந்தக் கூடுமிடங்களைப் பாதுகாத்தன. லிட்டில் கேமனில் அந்த மீன் பல மடங்கு பெருகியது. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக முட்டையிடும் இனங்களுக்கு இத்தகைய தடையால் கிடைப்பது குறைவு. தடை முடிந்த மறுநாளே எல்லாப் படகுகளும் ஒன்றாக இறங்கினால், மிச்சப்பட்டது சில வாரங்களில் போய்விடும்.

10. ஒவ்வொரு படகுக்கும் ஒதுக்கீடு என்றால், கடல் பணக்காரர் கைக்குப் போய்விடாதா?

இந்த அச்சம் நியாயமானது. முதலில் ஒதுக்கீடு எதற்கு வந்தது என்று பார்ப்போம். அலாஸ்காவில் ஹாலிபட் மீனுக்கு மொத்த வரம்பு மட்டும் இருந்தது, யாருக்கு எவ்வளவு என்பது இல்லை. எல்லாரும் போட்டி போட்டதில் 1990களின் தொடக்கத்தில் பருவம் ஆண்டுக்கு இரண்டு மூன்று ஒரு நாள் திறப்புகளாகச் சுருங்கியது. புயலானாலும் அன்றைக்கே போக வேண்டும். மிஞ்சிய தூண்டில் கயிறுகளை வெட்டிக் கடலிலேயே விட்டு வருவார்கள். 1995இல் தனித்தனி ஒதுக்கீடு வந்தபின் பருவம் எட்டு மாதங்களாக நீண்டது, உயிரிழப்பு குறைந்தது, புதிய மீனுக்கு நல்ல விலையும் கிடைத்தது.

ஒதுக்கீடு விற்கக்கூடிய சொத்தாகும்போது அது சில கைகளில் சேர்வதும் உண்மையாகவே நடந்திருக்கிறது. ஐஸ்லாந்தின் முறை பழைய உரிமையாளர்களுக்குச் சாதகமானது, புதியவர்களுக்கு நியாயமற்றது என்று 2007இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கருத்துத் தெரிவித்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய பங்குக்கு உச்சவரம்பு, உரிமையாளர் படகில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, கரையோரச் சமூகத்துக்கெனத் தனிப்பங்கு ஆகியவை இல்லாத ஒதுக்கீட்டு முறையை நான் ஆதரிக்க மாட்டேன். இவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்; பங்குகள் கைமாறிய பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.

11. சரி, மீன் யாருக்குப் போக வேண்டும்? பொழுதுபோக்குத் தூண்டிலுக்கா, வணிகப் படகுக்கா?

இந்தக் கேள்விக்கு அறிவியலில் விடை இல்லை. மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்பதை அறிவியல் சொல்லும். பங்கு பிரிப்பது சமூகத்தின் முடிவு. வணிகப் படகு கடலுக்கே போகாத பல்லாயிரம் பேருக்கு மீனைக் கொண்டுசேர்க்கிறது. பொழுதுபோக்குப் பிடிப்பு ஒரு கிலோ மீனுக்கு அதிகப் பணத்தைக் கரையோரத்தில் புழங்கவைக்கிறது, கடலின் மீது அக்கறை கொண்டவர்களையும் உருவாக்குகிறது. இரண்டில் ஒன்றைக் குற்றவாளியாக்குபவர்கள் இருவருமே சார்ந்திருக்கும் இருப்பைக் கண்டுகொள்வதில்லை.

மெக்சிகோ வளைகுடாவின் ரெட் ஸ்னாப்பர் மீனை வணிகத்துக்கு 51 சதவீதம், பொழுதுபோக்குக்கு 49 சதவீதம் என்று பிரித்திருந்தார்கள். வணிகப் பக்கம் 2007 முதல் பத்தாம் பதிலில் சொன்ன தனி ஒதுக்கீட்டுக்கு மாறியது. ஒவ்வொரு மீனும் இறங்குதளத்தில் எடைபோடப்பட்டது. பொழுதுபோக்குப் பக்கம் நீண்டகாலம் தொலைபேசி விசாரிப்பையும் கரையோர மாதிரிக் கணக்கையும் நம்பியிருந்தது. இருப்பு மீளத் தொடங்கியதும் மீன் பெரிதாகவும் எளிதாகவும் கிடைத்தது. அதனாலேயே பங்கு சில நாட்களில் தீர்ந்தது. 2017இல் தனியார் படகுகளுக்குக் கூட்டாட்சி நீர்ப்பகுதியில் முதலில் அறிவிக்கப்பட்ட பருவம் வெறும் 3 நாட்கள். எதிர்ப்புக்குப் பிறகு அது நீட்டிக்கப்பட்டது. மீன் பெருகியிருக்கும்போது எங்களை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று தூண்டில்காரர்கள் கோபப்பட்டது புரிகிறது. ஆனால் பிடிப்பை உடனுக்குடன் பதிவுசெய்யாத தரப்புக்கு, நிர்வாகிகள் பாதுகாப்பான பக்கமாக நின்று குறைவாகத்தான் தருவார்கள். கைபேசியில் அன்றன்றைய பிடிப்பைப் பதிவதைத் தூண்டில்காரர்கள் சுமையாக நினைக்காமல் உரிமைக்கோரிக்கையாக நினைக்க வேண்டும் என்பேன்.

12. அறிவியலார் சொன்னால் மட்டும் அரசுகள் கேட்டுவிடுகின்றனவா?

பல முறை கேட்பதில்லை. கிழக்கு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் நீலத்துடுப்புச் சூரைக்கு 15,000 டன் அளவே தகும் என்று அறிவியலார் சொன்னபோது, அதை நிர்வகிக்கும் பன்னாட்டு ஆணையம் 2007ஆம் ஆண்டுக்கு 29,500 டன் ஒதுக்கியது. அந்த ஆண்டு உண்மையில் பிடிபட்டது 61,000 டன் வரை இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

அழிவின் விளிம்பு தெரிந்ததும், பன்னாட்டு வணிகத்தையே தடைசெய்யும் முன்மொழிவு 2010இல் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. ஆனால் அந்த அச்சுறுத்தல் ஆணையத்தை அசைத்தது. 2011இல் ஒதுக்கீடு 12,900 டன்னாக வெட்டப்பட்டது. கப்பல்களில் பிடிப்பைக் கண்காணிக்கும் பார்வையாளர்கள், மீனோடு கூடவே செல்லும் பிடிப்பு ஆவணம், சிறு மீனுக்குத் தடை எல்லாம் கடுமையாக்கப்பட்டன. 2020இல் ஒதுக்கீடு 36,000 டன்னுக்கு உயர்ந்தது. 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அந்த இனத்தை அருகிவரும் பட்டியலிலிருந்து குறைந்த கவலைக்குரிய நிலைக்கு மாற்றியது, மேற்கு அட்லாண்டிக் இருப்பு இன்னும் நலிந்தே இருக்கிறது என்ற எச்சரிக்கையோடு. 2007க்கு முன்பிருந்ததைவிட இன்று சட்டப்படியான பிடிப்பு அதிகம் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

13. நாங்கள் விதிப்படி நடக்கிறோம். எங்கிருந்தோ வரும் திருட்டுக் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போகின்றனவே?

அவற்றை நடுக்கடலில் துரத்துவதைவிடத் துறைமுகத்தில் மடக்குவது எளிது, ஏனென்றால் எந்தக் கப்பலும் மீனை எங்காவது இறக்கியாக வேண்டும். 2016இல் நடைமுறைக்கு வந்த துறைமுக அரசு நடவடிக்கை ஒப்பந்தம், ஐயத்துக்குரிய வெளிநாட்டுக் கப்பலுக்கு இடமும் எரிபொருளும் மறுக்க உறுப்பு நாடுகளைக் கடமைப்படுத்துகிறது. திருட்டுப் பிடிப்புக்கும் ஏற்கெனவே நலிந்த இருப்பைப் பிடிப்பதற்கும் அரசு மானியம் தருவதை உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடு தடுக்கிறது. அது 2025 செப்டம்பர் 15 முதல் செயலில் இருக்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் காப்பகங்களை உருவாக்க வழிசெய்யும் உடன்படிக்கை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இவை நேர்மையாக நடப்பவருக்குக் கிடைத்திருக்கும் உண்மையான பாதுகாப்பு. கையெழுத்திட்ட நாடுகள் துறைமுகத்தில் ஆய்வாளர்களை அமர்த்தாவிட்டால் இவற்றால் பயனில்லை.

14. வளர்ப்பு மீனை மட்டும் சாப்பிட்டால் கடல் தப்பித்துவிடுமா?

எந்த மீன் என்பதைப் பொறுத்தது. 2022இல் வளர்ப்பு மூலம் கிடைத்த மீனும் இறாலும் சிப்பியும் முதன்முறையாக இயற்கைப் பிடிப்பைத் தாண்டின. சிப்பிக்குத் தீவனமே வேண்டாம். தாவர உணவு உண்ணும் மீன்களுக்குக் கடல்மீன் மிகக் குறைவாகவே தேவை. சால்மன் போன்ற ஊனுண்ணி மீனுக்கு மீன்தூளும் மீனெண்ணெயும் வேண்டும். அதில் பெரும்பகுதி மூன்றாம் பதிலில் சொன்ன நெத்திலி போன்ற சிறு மீன்களிலிருந்தே வருகிறது.

15. கடல் சூடாகி மீனே இடம் மாறிவிட்டால், இந்தக் கணக்கெல்லாம் என்ன ஆகும்?

எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி இதுதான், இதற்கான விடை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. வடகிழக்கு அட்லாண்டிக்கின் கானாங்கெளுத்தி 2000களின் பிற்பகுதியில் மேற்கும் வடக்குமாகப் பரவி ஐஸ்லாந்தின் நீர்ப்பகுதிக்குள் பெருமளவில் வந்தது. ஐஸ்லாந்தும் ஃபாரோ தீவுகளும் தமக்கெனப் புதிய பங்கை அறிவித்தன. பழைய பங்குதாரர்களோ தங்கள் பங்கைக் குறைக்க மறுத்தார்கள். ஒவ்வொரு நாடும் தன் அளவில் நியாயமாகப் பேசியது. எல்லாரின் ஒதுக்கீட்டையும் கூட்டினால் அறிவியலார் சொன்ன மொத்தத்தை ஆண்டுக்கு ஆண்டு தாண்டியது. 2026ஆம் ஆண்டுக்கான பிடிப்பை முந்தைய ஆண்டுக்குச் சொன்ன அளவிலிருந்து 70 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2025இல் அறிவுரை வந்தது.

எல்லைக்கோட்டை வைத்துப் பங்கு பிரித்த ஒப்பந்தங்கள் மீன் எல்லையைக் கடந்ததும் முறிந்துவிடுகின்றன. இருப்பு எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைக் கூட்டு ஆய்வால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து, அதற்கேற்பப் பங்குகள் படிப்படியாக மாறும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஒப்பந்தங்கள் தேவை. மாறும் காலத்தில் பங்கை இழக்கும் துறைமுகங்களுக்கு ஈடு என்ன என்பதையும் அதிலேயே சேர்த்தாக வேண்டும். எட்டாம் பதிலில் சொன்ன சிறு படகுகளின் நிலையே இங்கு முழுக் கரையோர ஊர்களுக்கும் நேரும்.